மூன்று சுழி இரண்டு சுழி ஆவது ஏன்? கம்ப்யூட்டர் திரையில் எழுத்து படும் பாடு

ஆபீசில் நாள் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவரா நீங்கள்?

அப்படியானால் இது உங்களுக்குப் பழகிய தொல்லையாக இருக்கும். மாலை 4 மணி ஆனதும் எழுத்துகள் கலங்கித் தெரியும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் "ண" எது, "ன" எது என்று சட்டென்று புரியாது. கண் டாக்டரிடம் போனால், "பார்வை சரியாகத்தான் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடுவார். கண்ணாடியை மாற்றினாலும் குறை தீராது.

அதே ஆளிடம் செல்போனைக் கொடுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பதைவிடச் சிறிய எழுத்தையும் தடங்கல் இல்லாமல் படிப்பார்!

கண் அதேதான். மொழியும் அதேதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

பல சமயங்களில் குற்றம் கண்ணில் இல்லை. எழுத்தைத் திரையில் வரைகிற முறையில் இருக்கிறது. அந்த முறை என்ன, அதில் என்ன கோளாறு வருகிறது, அதைச் சரிசெய்ய என்ன வழி என்பதைப் பார்ப்போம்.

ஊரை விட்டு வந்து மும்பையிலும் டெல்லியிலும் பிழைக்கிற தமிழர்களுக்கு இது மிகவும் தேவையான விஷயம். இங்கே தெருவில் தமிழ்ப் பலகை அபூர்வம். வீட்டுக் கடிதம், சங்கத்து அழைப்பிதழ், ஊர்ச் செய்தி எல்லாம் இன்று திரை வழியாகத்தான் வந்து சேருகின்றன. நம் பிள்ளைகள் தமிழ் எழுத்தின் முகத்தைப் பார்ப்பதும் பெரும்பாலும் திரையில்தான். அந்த முகம் கோணலாகத் தெரிந்தால் அவர்கள் மனதில் பதிவதும் கோணலாகத்தான் இருக்கும்.

பாயில் நெய்த பெயர்

பத்தமடைப் பாய் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்காக மணமகன், மணமகள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள்.

அந்தப் பெயரை உற்றுப் பாருங்கள். பேனாவால் எழுதினால் வழுக்கிக்கொண்டு போகும் வளைவு, பாயில் படிப்படியாக ஏறி இறங்கும். காரணம், நெசவில் குறுக்கு இழையும் நெடுக்கு இழையும்தான் உண்டு. வளைந்த இழை கிடையாது.

கம்ப்யூட்டர் திரையும் இப்படிப்பட்ட பாய்தான். அது முழுவதும் சிறு சிறு சதுரக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்கு "பிக்சல்" என்று பெயர். ஆபீஸ்களில் சாதாரணமாக இருக்கும் ஒரு திரையில் குறுக்கே 1,920 கட்டங்களும் நெடுக்கே 1,080 கட்டங்களும் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 கட்டங்கள்!

இவ்வளவு கட்டங்கள் இருந்துமா எழுத்து தெளிவாக வரவில்லை என்று கேட்கலாம். ஒரு எழுத்துக்கு எத்தனை கட்டம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் உண்மை விளங்கும்.

13 கட்டத்தில் ஒரு எழுத்து

அச்சகத்தில் எழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் 72 பாயிண்ட் சேர்ந்தால் ஓர் அங்குலம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓர் அங்குலத்துக்கு 96 கட்டம் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 10 பாயிண்ட் எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் சுமார் 13 கட்டம்.

இந்த 13 கட்டமும் எழுத்தின் உடம்புக்கே போய்விடாது. மேலே "கி", "கீ" போன்றவற்றின் கொக்கிக்கும், மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இடம் வேண்டும். கீழே "கு", "மூ" போன்றவற்றின் வாலுக்கு இடம் வேண்டும். "க", "ப", "ண" போன்ற எழுத்துகளின் உடம்புக்கு மிஞ்சுவது ஏறக்குறைய பாதிதான். அதாவது ஆறு, ஏழு கட்டம்!

இதே 10 பாயிண்ட் எழுத்தை 600 புள்ளி லேசர் பிரிண்டரில் அச்சிட்டால் 83 புள்ளி உயரம் கிடைக்கும். திரையில் கரகரப்பாக இருந்த கடிதம் காகிதத்தில் வழவழப்பாக வருவது இதனால்தான்.

ஈய எழுத்துக் காலம்

ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்தில் இந்தத் தொல்லை வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது.

அப்போது ஒவ்வொரு அளவு எழுத்தையும் தனித்தனியாகச் செதுக்கினார்கள். 24 பாயிண்ட் தலைப்பு எழுத்தை அப்படியே சுருக்கி 8 பாயிண்ட் எழுத்து செய்யவில்லை. சின்ன எழுத்தைக் கொஞ்சம் அகலமாகவும், கோட்டைக் கொஞ்சம் தடிப்பாகவும், உள்ளே இருக்கும் வெற்றிடத்தைத் தாராளமாகவும் செதுக்கினார்கள். சின்ன எழுத்தில் மை அடைத்துக்கொள்ளும் என்பது செதுக்குபவருக்குத் தெரியும்.

கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. ஒரு ஃபாண்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அந்தப் படம்கூடக் கட்டங்களாக இல்லை. எழுத்தின் ஓரக்கோடு எங்கே தொடங்கி, எப்படி வளைந்து, எங்கே முடிகிறது என்ற கணக்காக இருக்கிறது.

அதை எந்த அளவுக்கும் பெருக்கலாம், சுருக்கலாம். வசதிதான். ஆனால் சுருக்கிய கோடு கட்டங்களுக்கு நடுவே எங்கே போய் விழும் என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கேதான் வினை ஆரம்பமாகிறது.

கண்ணன் படும் பாடு

"கண்ணன்" என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் மூன்று சுழி "ண" இரண்டு முறை வருகிறது. இரண்டு சுழி "ன" ஒரு முறை வருகிறது. மெய்யெழுத்துப் புள்ளி இரண்டு இடத்தில் வருகிறது.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்த எளிய சட்டம் இது: ஒரு கட்டத்தின் மையம் எழுத்தின் ஓரக்கோட்டுக்கு உள்ளே இருந்தால் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கு. வெளியே இருந்தால் வெள்ளையாக விடு.

இந்தச் சட்டத்தால் வரும் விபரீதத்தைப் பாருங்கள்.

எழுத்தின் ஒரு கோடு ஒன்றரைக் கட்டத்துக்குச் சற்றுக் குறைவான அகலம் என்று வைத்துக்கொள்வோம். அது விழும் இடத்தைப் பொறுத்து ஓரிடத்தில் ஒரு கட்டம் கறுக்கும். இன்னோரிடத்தில் இரண்டு கட்டம் கறுக்கும். "ண" எழுத்தில் கோடும் வெளியும் மாறி மாறி வருகின்றன. ஒரு கோடு மெலிந்து, அடுத்த கோடு பருத்து, நடுவிலுள்ள வெளி அடைத்துப் போனால் மூன்று சுழி பார்ப்பதற்கு இரண்டு சுழி போலவே ஆகிவிடும்.

பணி பனியாகத் தெரியும். மணம் மனமாகத் தெரியும்!

புள்ளியின் கதை இன்னும் பரிதாபம். சரியாக ஒரு கட்டம் அகலமுள்ள வட்டப் புள்ளி, ஒரு கட்டத்தின் நடுவில் விழுந்தால் அந்தக் கட்டம் கறுக்கும். நல்லது. அதே புள்ளி நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் விழுந்தால்? எந்தக் கட்டத்தின் மையத்தையும் அது தொடாது. ஒரு கட்டமும் கறுக்காது. புள்ளியே மாயமாகிவிடும்!

புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக, ஒன்றரைக் கட்டம் அகலத்தில் வைத்தால் வேறு வேடிக்கை. ஓரிடத்தில் 1 கட்டமாகவும், இன்னோரிடத்தில் 2 கட்டமாகவும், வேறோரிடத்தில் 4 கட்டமாகவும் அது தோன்றும்.

ஆங்கிலத்தில் "ஐ" எழுத்தின் மேல் உள்ள புள்ளி போனாலும் படித்துவிடலாம். தமிழில் அப்படி முடியாது. "பல்" என்பதில் புள்ளி போனால் "பல" ஆகிவிடும். பட்டியலில் ஒரு பெயரைச் சரிபார்க்கும் குமாஸ்தாவுக்கு அந்தப் புள்ளி உயிர் போன்றது. பிழை வந்தால் பழி அவர் மேல்தானே விழும்?

முதல் வைத்தியம்: ஹிண்டிங்

இந்தக் கோளாறுக்கு இரண்டு வைத்தியங்கள் கண்டுபிடித்தார்கள். முதல் வைத்தியத்தின் பெயர் "ஹிண்டிங்". குறிப்புச் சொல்வது என்று பொருள்.

தையல்காரர் சட்டை தைக்கும்போது என்ன செய்கிறார்? கட்டம் போட்ட துணியாக இருந்தால், பையின் கட்டமும் சட்டையின் கட்டமும் ஒரே நேராக வரும்படி துணியை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படி நகர்த்தி வெட்டுகிறார். அளவு கொஞ்சம் மாறினாலும் பார்வைக்குச் சீராக இருக்க வேண்டும் என்பது அவர் நோக்கம்.

ஹிண்டிங் செய்வதும் அதுதான். ஃபாண்டுக்கு உள்ளேயே எழுத்தோடு சேர்த்துச் சில கட்டளைகளை எழுதி வைக்கிறார்கள். "இந்த எழுத்தின் நேர்க்கோடுகள் எல்லாம் ஒரே அகலமாக இருக்க வேண்டும். அடிக்கோடு கட்டத்தின் விளிம்பில் சரியாக உட்கார வேண்டும். நடுவில் உள்ள வெளி ஒரு கட்டத்துக்குக் குறையக் கூடாது. புள்ளி மூலையில் விழுந்தால் அதைத் தள்ளி ஒரு கட்டத்துக்குள் வை" என்கிற மாதிரியான கட்டளைகள்.

கம்ப்யூட்டர் எழுத்தைச் சுருக்கியதும் இந்தக் கட்டளைகளைப் படித்து, ஓரக்கோட்டை இழுத்துக் கட்டத்தோடு பொருத்துகிறது. அதற்குப் பிறகுதான் கறுப்பாக்கும் வேலை.

ரகசியமும் போட்டியும்

இந்தக் கலையை அமெரிக்காவின் அடோப் கம்பெனி 1980-களில் தன் ஃபாண்டுகளில் புகுத்தியது. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி என்ற இருவர் 1982-ல் தொடங்கிய கம்பெனி அது. அங்குலத்துக்கு 300 புள்ளி போடும் அந்தக் கால லேசர் பிரிண்டருக்கே ஹிண்டிங் தேவைப்பட்டது.

அதன் சூட்சுமத்தை அடோப் வெளியில் சொல்லவில்லை. ரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது.

இது மற்றக் கம்பெனிகளுக்குப் பிடிக்கவில்லை. ஆப்பிள் கம்பெனியில் சாம்போ காசிலா என்ற என்ஜினீயர் வேறொரு முறையை உருவாக்கினார். அதுதான் "ட்ரூடைப்". 1989-ல் ஆப்பிளும் மைக்ரோசாப்டும் கைகோத்துக்கொண்டு இந்த முறையை ஆதரிப்பதாக அறிவித்தன. அடுத்த ஆண்டே, 1990-ல், அடோப் தன் ரகசியத்தை வெளியிட வேண்டியதாயிற்று!

ட்ரூடைப் 1991-ல் ஆப்பிள் கம்ப்யூட்டரிலும், 1992-ல் விண்டோஸ் 3.1-லும் வந்தது. இதில் ஒவ்வொரு எழுத்தும் தனக்கென்று ஒரு சிறு புரோகிராமையே வைத்துக்கொள்ளலாம். எந்த அளவில் எந்தக் கோட்டை எவ்வளவு நகர்த்துவது என்பதைக்கூடச் சொல்லலாம்.

இதற்கான காப்புரிமை ஆப்பிளிடம் இருந்தது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களில் எழுத்து வரையும் "ஃப்ரீடைப்" என்ற இலவச மென்பொருள் அதனால் தயங்கி நின்றது. கட்டளைகளைப் படிக்கும் பகுதி அதில் இருந்தும், அதை இயங்காமல் அணைத்தே வைத்திருந்தார்கள். 2010 மே மாதத்தில் காப்புரிமைக் காலம் முடிந்தது. அந்த ஆண்டே அந்தப் பகுதியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

ஹிண்டிங் எவ்வளவு பாடுபட வைக்கும் வேலை என்பதற்கு "வெர்டானா" என்ற ஆங்கில ஃபாண்டு ஓர் உதாரணம். மைக்ரோசாப்ட் 1996-ல் வெளியிட்டது. அதை அமைத்த மேத்யூ கார்ட்டர் வழக்கத்தைத் தலைகீழாக்கினார். முதலில் கட்டங்களில் எழுத்தைச் செய்து பார்த்தார். பிறகுதான் ஓரக்கோட்டை வரைந்தார். கட்டளை எழுதும் வேலையை டாம் ரிக்னர் என்ற நிபுணர் செய்தார். சின்ன அளவிலும் பளிச்சென்று தெரியும் ஃபாண்டு என்று அது பெயர் வாங்கியது.

மருந்துக்கும் பத்தியம் உண்டு

ஹிண்டிங்கால் எழுத்து கூர்மையாகிறது. ஆனால் வடிவம் மாறுகிறது. வட்டமான எழுத்து சதுரமாகத் தெரியும். கோட்டை இழுத்துக் கட்டத்தில் பொருத்தும்போது எழுத்தின் அகலமும் அரைக் கட்டம் கூடலாம் அல்லது குறையலாம்.

ஒரு வரியில் 60 எழுத்து இருந்தால் இந்த அரைக் கட்டங்கள் சேர்ந்துகொண்டே போகும். திரையில் பார்த்த வரி ஓரிடத்தில் மடங்கும். காகிதத்தில் வேறிடத்தில் மடங்கும். இதைச் சமாளிக்க, காகிதத்து அகலத்தையே திரையிலும் பின்பற்றச் செய்தால், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒரு மாதிரியும் இன்னொரு மாதிரியுமாகத் தெரியும்.

ஆகவே வேறு வைத்தியமும் தேவைப்பட்டது.

இரண்டாம் வைத்தியம்: சாம்பல் பூச்சு

கட்டத்தைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று இரண்டே விதமாக ஏன் பார்க்க வேண்டும்? நடுவில் சாம்பல் நிறம் இருக்கிறதே!

இதுதான் "ஆன்டி அலையாசிங்" என்ற முறை. எழுத்து ஒரு கட்டத்தில் பாதியை மறைத்தால் அந்தக் கட்டத்துக்குப் பாதிச் சாம்பல். கால் பங்கை மறைத்தால் இளஞ்சாம்பல். முழுவதும் மறைத்தால் கறுப்பு. வழக்கமாகக் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள் உண்டு.

கம்ப்யூட்டர் வரையும் படங்களின் ஓரம் ரம்பப் பல் போலத் தெரிவதற்குக் காரணத்தையும் பரிகாரத்தையும் ஃபிராங்க்ளின் குரோ என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1977-ல் விளக்கி எழுதினார். சாதாரண மக்களின் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு எழுத்தை மழுக்கும் வசதி 1995-ல் வந்தது.

தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் கட்டங்கள் கண்ணில் கலந்து, வளைவு வழவழப்பாகத் தோன்றும். கிட்டத்தில் பார்த்தால்? எழுத்தின் ஓரம் கலங்கல்.

மறுபடியும் நம் கண்ணனின் புள்ளிக்கு வருவோம். ஒரு கட்டம் அகலமுள்ள அந்தப் புள்ளி, கட்டத்தின் நடுவில் விழுந்தால் கட்டத்தில் சுமார் 78 சதவீதத்தை மறைக்கும். ஏறக்குறைய கறுப்பு. நான்கு கட்டங்கள் கூடும் மூலையில் விழுந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் சுமார் 20 சதவீதத்தைத்தான் மறைக்கும். நான்கு கட்டத்திலும் லேசான சாம்பல் படிந்திருக்கும்.

மையின் அளவு ஒன்றுதான். ஆனால் ஒன்று புள்ளி. மற்றொன்று கறை!

முதலில் புள்ளி மாயமானது. இப்போது மாயமாகவில்லை, மங்கிவிட்டது. ஆகவே சாம்பல் பூச்சு மட்டும் போதாது. புள்ளியைக் கட்டத்துக்குள் நகர்த்தும் ஹிண்டிங்கும் கூடவே வேண்டும். இரண்டு மருந்தும் சேர்ந்தால்தான் குணம்.

மூன்று வர்ணத் தந்திரம்

தட்டைத் திரையில் ஒவ்வொரு கட்டமும் உண்மையில் மூன்று பட்டைகள். சிவப்பு, பச்சை, நீலம். மூன்றும் சேர்ந்து எரிந்தால் வெள்ளை.

இந்தப் பட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்கினால், குறுக்கு வாட்டில் கட்டங்களின் எண்ணிக்கையை மூன்று மடங்காக்கியது போல் ஆகும். 1,920 கட்டம் 5,760 பட்டை ஆகிவிடும்!

இந்தத் தந்திரத்தை மைக்ரோசாப்ட் "கிளியர்டைப்" என்ற பெயரில் 1998-ல் அறிவித்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி-யில் வந்தது. அதில் பயன்படுத்துபவர்தான் அதை முடுக்கிவிட வேண்டும். அடுத்து வந்த விஸ்டாவில் தானாகவே இயங்கியது.

திரையைப் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு எழுத்தின் ஒரு பக்கம் செம்மையும் மறுபக்கம் நீலமும் தெரிந்தால் அது கிளியர்டைப் வேலை.

இதிலும் குறை உண்டு. பட்டைகள் குறுக்கு வாட்டில்தான் இருக்கின்றன. எனவே நிமிர்ந்த கோட்டுக்குப் பலன் அதிகம். படுத்த வளைவுக்குப் பலன் இல்லை. ஆரம்ப காலக் கிளியர்டைப்பில் மேல், கீழ் ஓரங்களுக்குச் சாம்பல் பூச்சே கிடையாது. பின்னால் வந்த புதிய முறைகளில்தான் அது சேர்ந்தது.

இங்கே நம் எழுத்தை நினைத்துப் பாருங்கள். "ழ", "ஐ", "ஞ", "இ" எல்லாம் வளைவும் சுழியும்தானே!

இரண்டு கட்சி

ஒரே ஃபாண்டு இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு விதமாகத் தெரிவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். இதற்குக் காரணம் கொள்கை வேறுபாடு.

"படிப்பவருக்கு எழுத்து கூர்மையாகத் தெரிய வேண்டும். அதற்காக வடிவம் கொஞ்சம் மாறினாலும் பரவாயில்லை." இது நெடுநாள் மைக்ரோசாப்ட் கட்சி.

"வரைந்தவர் வரைந்த வடிவம் மாறக் கூடாது. ஓரம் கொஞ்சம் மழுங்கினாலும் பரவாயில்லை." இது ஆப்பிள் கட்சி.

எது சரி என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒருவர் கண்ணுக்குக் கூர்மை பிடிக்கும். இன்னொருவருக்கு மென்மை பிடிக்கும். ஒரு திரையில் எது வசதி என்பதை அந்தத் திரைமுன் உட்காருபவர்தான் சொல்ல முடியும். இதை மறக்கக் கூடாது.

தலைக்கோடும் புள்ளியும்

இந்தி, மராத்தி எழுத்தைத் தினமும் பார்க்கிறீர்கள். சொல்லுக்கு மேலே ஒரு நீண்ட கோடு ஓடும். அந்தக் கோடு இரண்டு வரிசைக் கட்டங்களுக்கு நடுவில் விழுந்தால், கறுப்புக் கோடு ஒன்றுக்குப் பதில் சாம்பல் கோடு இரண்டு தெரியும். பக்கம் முழுவதும் மங்கிவிடும். அந்த எழுத்துக்கு ஹிண்டிங் செய்பவர் முதலில் கவனிப்பது தலைக்கோட்டை.

தமிழில் அந்த இடம் புள்ளிக்கும் சுழிக்கும் உரியது.

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் எழுதும் வழக்கம் இருந்தது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று காரணம் சொல்வார்கள். படிப்பவர் இடம் பார்த்துப் புள்ளியை ஊகித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகு புள்ளி நிலைபெற்றது. அந்தப் புள்ளியைத் திரையில் மறுபடியும் ஊகிக்க வேண்டிய நிலை வரலாமா?

ஆங்கிலத்துக்குச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து சேர்ந்து 52. தமிழ் எழுத்து 247. கால், கொம்பு போன்றவற்றைத் தனியாகப் பிரித்தாலும், "கு", "கூ" வரிசையில் மட்டுமே 36 வடிவம் தனியாக வேண்டும். மொத்தத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அளவிலும் கட்டளை எழுதிச் சரிபார்ப்பது சாதாரண வேலை அல்ல. அந்த உழைப்பைச் செலவிடாமல் வெளியிட்ட ஃபாண்டு, தலைப்பில் அழகாகவும் கடிதத்தில் கலங்கலாகவும் இருக்கும்.

விண்டோஸில் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து "லதா" என்ற தமிழ் ஃபாண்டு வந்தது. 2012-ல் விண்டோஸ் 8-உடன் "நிர்மலா" வந்தது. திரையில் படிப்பதற்கென்றே அமைத்த ஃபாண்டுகளைத்தான் அன்றாட வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

செல்போன் ரகசியம்

இப்போது முதல் கேள்விக்கு விடை சொல்லலாம்.

2010-ல் வந்த ஐபோன் 4-ல் ஓர் அங்குலத்துக்கு 326 கட்டம். இன்று 400 கட்டம் உள்ள செல்போன்கள் சாதாரணம். அந்தக் கணக்கில் 10 பாயிண்ட் எழுத்துக்குச் சுமார் 56 கட்டம் கிடைக்கும். கம்ப்யூட்டர் திரையில் கிடைத்தது 13!

இத்தனை கட்டம் இருந்தால் புள்ளி மூலையில் விழுந்தாலும் கவலை இல்லை. ஹிண்டிங் தேவை குறைந்துவிடும். வர்ணத் தந்திரமும் தேவைப்படாது. ஆப்பிள் கம்பெனி 2018-ல் தன் கம்ப்யூட்டர்களிலேயே வர்ணத் தந்திரத்தைக் கைவிட்டது.

ஆனால் எல்லா ஆபீசிலும் புதுத் திரை வாங்கித் தருவார்களா? பழைய திரையே பல மேஜைகளில் இருக்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்த வைத்தியங்கள் இன்றும் தேவை.

நீங்கள் என்ன செய்யலாம்?

செலவில்லாத சில வழிகள் உண்டு.

1. ஒவ்வொரு தட்டைத் திரைக்கும் பிறவியிலேயே ஒரு கட்ட எண்ணிக்கை உண்டு. கம்ப்யூட்டரையும் அதே எண்ணிக்கையில் வைக்க வேண்டும். எழுத்து பெரிதாகத் தெரியட்டும் என்று எண்ணிக்கையைக் குறைத்து வைப்பது பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் எழுத்து பெரிதாகும், கூடவே கலங்கும். இந்தச் செட்டிங்கில் "ரெக்கமெண்டெட்" என்று எது குறிக்கப்பட்டிருக்கிறதோ அதுவே சரியானது.

2. எழுத்து பெரிதாக வேண்டுமானால் "ஸ்கேல்" என்ற இடத்தில் 100 சதவீதத்தை 125 ஆக்குங்கள். கன்ட்ரோல் விசையையும் கூட்டல் குறியையும் சேர்த்து அழுத்தினால் இணையப் பக்கத்தை மட்டும் பெரிதாக்கலாம். 10 பாயிண்ட் எழுத்து 125 சதவீதத்தில் 13 கட்டத்திலிருந்து ஏறக்குறைய 17 கட்டமாகும். "ண" மூச்சுவிட அந்த நான்கு கட்டமே போதும்.

3. விண்டோஸ் தேடும் பெட்டியில் "கிளியர்டைப்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரு சிறு பரிசோதனை வரும். ஒரே வாசகத்தைப் பல விதமாகக் காட்டி, எது தெளிவு என்று கேட்கும். பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதும். உங்கள் இடத்தில் முன்பு உட்கார்ந்தவரின் கண்ணுக்கு ஏற்ற செட்டிங் உங்கள் கண்ணுக்கு ஏற்க வேண்டும் என்பதில்லை.

4. பழைய வி.ஜி.ஏ. கேபிள் மூலம் திரையை இணைத்திருந்தால், திரையில் உள்ள "ஆட்டோ" பொத்தானை ஒரு முறை அழுத்துங்கள். கட்டங்கள் நேராகப் பொருந்தும். எச்.டி.எம்.ஐ. கேபிள் வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள்.

5. பெயர், முகவரி சரிபார்க்கும்போது மட்டுமாவது 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். சுழியும் புள்ளியும் தப்பாது.

இத்தனையும் செய்த பிறகும் கண் கலங்கினால், தலை வலித்தால், டாக்டரிடம் போகத் தயங்க வேண்டாம். திரையின் குற்றம் வேறு, கண்ணின் குற்றம் வேறு. முதலாவதை நீக்கிவிட்டால் இரண்டாவதைக் கண்டுபிடிப்பது டாக்டருக்கும் எளிது.

ஒரு வரிப் பரிசோதனை

உங்கள் திரை எப்படி என்று தெரிந்துகொள்ள, "அண்ணன் கண்ணன் மன்னன்" என்று அடியுங்கள். அதையே 8, 10, 12 பாயிண்ட் அளவுகளில் ஒன்றன் கீழ் ஒன்றாக வையுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள்.

எந்த அளவில் மூன்று சுழியும் இரண்டு சுழியும் பிரிந்து தெரிகின்றனவோ, ஆறு புள்ளிகளும் ஒரே கறுப்பாகத் தெரிகின்றனவோ, அதுவே உங்கள் திரைக்கு ஏற்ற அளவு. அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

வீட்டில் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தமிழ் படிக்கிறார்கள் என்றால் அங்கேயும் இதைச் செய்து பாருங்கள். அவர்கள் "ண" எழுதத் தடுமாறினால் திட்டுவதற்கு முன், அவர்கள் பார்க்கும் திரையில் "ண" எத்தனை சுழியோடு தெரிகிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.